கல்சட்டி குடித்த சூடு

கண்ணாடி உடைந்த சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. மரச்சட்டத்தில் பொருத்திய தெர்மாமீட்டர் அது. ஈரக் கையிலிருந்து நழுவி மருந்தகத்தின் கல் தரையில் விழுந்தது. சட்டம் முழுசாகத்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே குழாய் நடுவில் முறிந்திருந்தது. பாதரசம் சாமை அரிசியைவிடச் சிறிய மணிகளாகத் தரையெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் ஒரு தபால் அட்டையை மடக்கி எடுத்துவந்து, மண்டியிட்டு, அந்த மணிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சேர்த்தார். ஒன்றோடொன்று ஒட்டி அவை பெரிதாவதை நான் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவர் தலையை நிமிர்த்தாமலே, "எழுதிப் போட்டா வேற வந்துருமுங்க. யுத்த காலமில்லீங்களா, கொஞ்சம் மெதுவா வரும்" என்றார்.

எங்களிடம் இருந்தவை இரண்டே தெர்மாமீட்டர்கள். காய்ச்சல் பார்ப்பதை, குளிர் சுரத்தில் பல் கிட்டி நடுங்கிய ஒரு நோயாளி முந்தைய மாதமே கடித்து உடைத்துவிட்டார். தண்ணீரின் சூடு பார்க்கும் மரச்சட்டத்துத் தெர்மாமீட்டர்தான் மிச்சம். அதை நான் உடைத்தேன்.

கொல்லிமலையில், திருப்புலி நாடு என்ற பகுதியில் இருந்த சிறிய மருந்தகம் அது. இப்போது பஸ் வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு அன்று கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். மருந்துப் பெட்டிகள் ஆட்களின் தலையில் வரும். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்கிப் போவார். மற்ற நாட்களில் நர்ஸாக நான், மருந்து கலக்கக் கம்பவுண்டர், பெருக்கிச் சமைக்க மலைக்காரப் பெண்மணி ஒருவர், அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பதினெட்டில் எனக்குக் கல்யாணம் ஆனது. பத்தொன்பதில் அவர் காலரா கண்டு இறந்துபோனார். வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த என்னை அப்பா நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். மலைச் சுரத்துக்குப் பயந்து யாரும் வர மாட்டேன் என்ற இடத்துக்கு நானாகக் கேட்டு வந்தேன். அங்கே என் கழுத்தைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கவில்லை.

கம்பவுண்டருக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். காரவள்ளியில் சொந்தக் காடு வைத்து விவசாயம் செய்யும் குடும்பம். காலேஜில் இன்டர்மீடியட் சேர்ந்து ஒரு வருஷம் படித்தவர். அப்பா இறந்ததும் படிப்பு நின்றுபோனது. அண்ணன் காட்டைப் பார்த்துக்கொள்ள, இவர் கம்பவுண்டர் பரீட்சை எழுதி மலைக்கு வந்தார். நின்றுபோன படிப்பு அவருக்குள் நிற்கவே இல்லை. அந்த ஒரு வருஷத்துப் பௌதிகப் புத்தகத்தை மருந்து அலமாரியில், மலைச் சுரத்துக்கான கொய்னா புட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தார். தினமும் காலையில் ஊற்றுக்குப் போய்த் தண்ணீரில் தெர்மாமீட்டரை முக்கி, என்ன சூடு என்று ஒரு நோட்டில் எழுதுவார். யாரும் கேட்டு எழுதவில்லை. எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானுங்க. தெரிஞ்சுக்கிட்டா நல்லா இருக்குது" என்றார்.

நான் மலைக்கு வந்த புதிதில் பருப்பு வேகவே மாட்டேன் என்றது. கொதித்துக்கொண்டே இருக்கும், ஆனால் பருப்பு பருப்பாகவே கிடக்கும். பருப்பு பழசு என்று நினைத்து நான் கடைக்காரரை நொந்துகொண்டிருந்தபோது, கம்பவுண்டர் சமையல்கட்டு வாசலில் நின்று சொன்னார். "பருப்பு மேல தப்பில்லீங்க. நாம நாலாயிரம் அடி மேல இருக்கோம். பாரன்ஹீட் கணக்குல கீழ இருநூத்திப் பன்னண்டு டிகிரியில கொதிக்கிற தண்ணி இங்க இருநூத்தி நாலுலயே கொதிச்சுருது. நீங்க எவ்வளவு வெறகு வெச்சாலும் அதுக்கு மேல ஏறாதுங்க." பருப்பை முதல் நாளே ஊறப்போடச் சொன்னார். பருப்பு வெந்தது. இந்த மனிதர் சொல்வதைக் கேட்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

தெர்மாமீட்டர் உடைந்ததற்கு நான் ஏன் அவ்வளவு கலங்கினேன் என்று சொல்ல வேண்டும். படிக்கும் காலத்தில், நான் வேலை கற்ற ஆஸ்பத்திரியில், பிறந்து இரண்டு நாளான குழந்தைக்குக் காலடியில் வெந்நீர்ப் புட்டி வைத்தேன். முழங்கையில் தொட்டுப் பார்த்துத்தான் வைத்தேன். அன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்த கை, அது முழங்கை வரை மரத்துப்போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. அரை மணி கழித்துத் துணியை விலக்கினால் குழந்தையின் வலது குதிகால் முழுக்கக் கொப்பளம். குழந்தை பிழைத்துக்கொண்டது. அதன் தாய் துணியை இழுத்து அந்தக் காலை மூடிக்கொண்டாள். அன்று முதல் நான் என் கையை நம்புவதை விட்டேன். தெர்மாமீட்டர் காட்டினால்தான் எனக்குச் சூடு. இதைக் கம்பவுண்டரிடம் ஒருநாள் சொல்லியிருந்தேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

தெர்மாமீட்டர் உடைந்து ஒரு வாரம் இருக்கும். கார்த்திகை மாதம். இரண்டு நாளாகச் சாரல் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் கம்பளியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. எங்களுக்கு இரண்டு மணி நேர நடையில் இருந்த ஒரு சிற்றூரில் மிளகும் தினையும் போடுகிறவர். ஒருமுறை காலில் வெட்டுக் காயத்தோடு வந்தவர் என்பதால் முகம் தெரியும். கம்பளியை விலக்கினார். உள்ளே ஒரு பெண் குழந்தை.

"ஏழு மாசத்துலயே பொறந்துருச்சு சாமி. காலையில பொறந்தது. அழுவவே மாட்டேங்குது."

"அம்மா எங்கீங்க?"

"அவளுக்கு எந்திரிக்க முடியல. நாளைக்கு டோலி கட்டித் தூக்கியாரம்னு சொல்லியிருக்காங்க. இது அதுவரைக்கும் தாங்காதுன்னு நான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

குழந்தையை வாங்கினேன். வாழைத்தண்டைத் தொட்டது போல இருந்தது. உதடும் நகமும் நீலம். மூச்சு இருந்தது, ஆனால் அது மூச்சுதானா என்று காத்திருந்து பார்க்க வேண்டியிருந்தது. கம்பவுண்டர் மிளகு நிறுக்கும் தராசில் துணி விரித்து எடை பார்த்தார். மூன்று ராத்தல்.

இப்படிக் குளிர்ந்துபோன குழந்தையை உடல் சூட்டுத் தண்ணீரில் கழுத்தளவு இறக்கி மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தண்ணீர் தொண்ணூற்றொன்பது, நூறு டிகிரி இருக்க வேண்டும். நான்கைந்து டிகிரி குறைந்தால் இருக்கிற சூட்டையும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். பத்து டிகிரி கூடினால் அந்தத் தோல் தாங்காது. நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உடைந்த தெர்மாமீட்டரின் மரச்சட்டத்தைப் பார்த்தபடி நின்றேன். அதை ஏன் இன்னும் தூக்கிப் போடாமல் ஜன்னலில் வைத்திருந்தோம் என்று தெரியவில்லை.

கம்பவுண்டர் அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டு வந்தார். "அளந்து பார்க்க முடியாட்டி என்னங்க, ரெண்டு முனையும் நமக்குத் தெரியுமே" என்றார். சாக்கட்டியை எடுத்து மருந்து அலமாரியின் கதவில் எழுத ஆரம்பித்தார். கொதிக்கிற தண்ணீர் இருநூற்று நாலு. ஊற்றுத் தண்ணீர் அறுபத்து நாலு. "கடைசியா எழுதுன பத்து நாளும் அறுபத்தி நாலுதானுங்க. ஊத்து ஒரு வாரத்துல மாறாது. ஒரு படி கொதிக்கிற தண்ணி, மூணு படி ஊத்துத் தண்ணி. சூட்டுத் தண்ணி எழக்கறதப் பச்சத் தண்ணி வாங்கிக்கும். இருநூத்தி நாலும், மூணு அறுபத்தி நாலும் கூட்டி நாலால வகுத்தா தொண்ணூத்தி ஒன்பது."

கேட்கும்போதே எனக்கு மூச்சு சீரானது. பெரிய கல்சட்டியில் படியால் அளந்து ஊற்றினார். ஒரு படி, பிறகு மூன்று படி. கரண்டியால் கலக்கினார். "எறக்குங்க" என்றார்.

நான் முழங்கையை வைத்துப் பார்த்தேன். பழக்கத்தில்தான் வைத்தேன், நம்பி அல்ல. தண்ணீர் சுடவும் இல்லை, குளிரவும் இல்லை. ஒன்றுமே தெரியவில்லை. தொண்ணூற்றொன்பது டிகிரித் தண்ணீரில் கை வைத்தால் இதமாக ஒரு வெதுவெதுப்பு வர வேண்டும். வரவில்லை.

"சூடு பத்தாதுன்னு தோணுதுங்க" என்றேன்.

அவர் கதவில் எழுதியிருந்ததைத் திரும்பப் பார்த்தார். "கணக்குல தப்பில்லீங்களே. உங்க கை இப்ப எப்படி இருக்குதுன்னு பாருங்க. மழையில குளுந்து கெடக்கும்."

என் கை மரத்திருக்கவில்லை, குளிர்ந்துதான் இருந்தது. குளிர்ந்த கைக்குத் தண்ணீர் கூடுதல் சூடாகத்தான் தெரியும். எனக்கோ சூடே தெரியவில்லை. அப்படியானால் இன்னும் குறைவு என்றுதானே அர்த்தம். இது மனதில் ஓடியது. ஆனால் அந்தக் குதிகால் கொப்பளமும் கூடவே ஓடியது. என் கை ஒன்று சொல்கிறது, படித்தவரின் கணக்கு ஒன்று சொல்கிறது. அந்தத் தகப்பன் எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையின் விரல் ஒன்று அசைந்து நின்றது.

"இல்லீங்க. இதுல நான் எறக்க மாட்டேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் பேசியது அதற்கு முன்பும் இல்லை, பிற்பாடு தேவைப்பட்ட இடத்திலும் இல்லை. கம்பவுண்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் கல்சட்டியின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"கல்லு குடிச்சிருச்சுங்க" என்றார்.

பிறகு வேகமாகப் பேசினார். பாதி எனக்கு, பாதி தனக்கே. பச்சைத் தண்ணீர் மட்டும்தான் சூட்டை வாங்கும் என்று போட்டுவிட்டேன், சட்டியும் வாங்கும் என்பதை விட்டுவிட்டேன் என்றார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரே எடையில் தண்ணீரையும் கல்லையும் வைத்து ஒரு டிகிரி ஏற்ற வேண்டுமானால், தண்ணீர் கேட்கும் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் கல் கேட்கும். அவர் அதை ஸ்பெசிபிக் ஹீட் என்றார். இப்போது பள்ளிக்கூடப் புத்தகத்தில் தன் வெப்ப ஏற்புத்திறன் என்று போட்டிருக்கிறார்கள். "ஆனா இந்தச் சட்டி கனமான சட்டியாச்சே. காரவள்ளியில இருந்து தோள்ல வெச்சுத் தூக்கியாந்தவன் நான், எனக்குத் தெரியாதா. அஞ்சு படித் தண்ணியோட கனம் இருக்கும். அஞ்சு பங்கு கல்லு, ஒரு பங்கு தண்ணிக்குச் சமம். அப்ப பச்சத் தண்ணி மூணு படியில்ல, நாலு." கதவில் மறுபடி கூட்டினார், ஐந்தால் வகுத்தார். தொண்ணூற்றிரண்டு வந்தது.

அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க கை சொன்னது இதத்தானுங்க."

இன்னும் எவ்வளவு கொதிநீர் ஊற்ற வேண்டும் என்று பார்த்தார். படியில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டே முக்கால் ஆழாக்கு என்று அளந்து ஊற்றிக் கலக்கினார். கை வைத்தேன். இப்போது இதமாக இருந்தது. இந்தத் தடவை யாருடைய முகத்தையும் பார்க்காமல் குழந்தையை இறக்கினேன்.

தலையை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். கம்பவுண்டர் சட்டியைச் சுற்றிக் கம்பளியைச் சுற்றினார், கல் வெளிக்காற்றுக்குச் சூட்டை விட்டுவிடக் கூடாது என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நெஞ்சில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு வந்தது. அது மெல்லப் பரவியது. உதட்டின் நீலம் கரைந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. தகப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

குளிப்பாட்டியது முதல் வேலைதான். அதற்குப் பிறகு சூட்டைக் காக்க வேண்டும். மருந்துகள் வந்த மரப்பெட்டியில் இலவம்பஞ்சு பரப்பினோம். தகப்பன், "கல்லைக் காயவெச்சுத் துணியில சுத்தி வெக்கலாமுங்களா, எங்கூட்டுல அப்படித்தான் வெப்போம்" என்று கேட்டார். கம்பவுண்டர் அவரிடம் பணிவாகச் சொன்னார்: "கல்லும் நல்லதுதானுங்க. ஆனா அதே கனத்துக்குத் தண்ணி அஞ்சு மடங்கு சூட்டப் புடிச்சு வெச்சிருக்கும். அவசரப்படாமக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கும்." இரண்டு ராத்தல் தண்ணீர் பிடிக்கிற மருந்துப் புட்டிகள் மூன்று இருந்தன. புட்டி என்றதும் என் கை பின்வாங்கியது. அவர் அதைக் கவனித்தார். என்னிடம் எதுவும் கேட்காமல் கதவில் அடுத்த கணக்கைப் போட்டார். இரண்டு பங்கு கொதிநீர், மூன்று பங்கு ஊற்று நீர், நூற்றிருபது டிகிரி. புட்டியின் கண்ணாடி அதில் இரண்டொரு டிகிரியைக் குடித்துக்கொள்ளும். மேலே இரண்டு சுற்று கம்பளித் துணி. "கொளந்தை மூணு ராத்தல். ஒரு ஆறு டிகிரி எறங்கியிருக்கும்னு வெச்சுக்கங்க. ஒடம்பும் பெரும்பாலும் தண்ணிதானுங்க. மூவாறு பதினெட்டு. ரெண்டு ராத்தல் தண்ணி ஒன்பது டிகிரி எறங்குனாப் போதும், அந்தப் பதினெட்டு வந்துரும். காத்துல போறதுக்குத்தான் மத்த ரெண்டு புட்டி." கணக்கு என்னவோ எளிதுதான். ஆனால் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்று அவர் சொன்ன குரல் எனக்கு இன்றும் கேட்கிறது.

மறுநாள் தாயை டோலியில் கொண்டுவந்தார்கள். பதினோரு நாள் அந்தக் குழந்தை பெட்டியில் இருந்தது. தாய்ப்பாலைச் சொட்டு மருந்துக் குழாயில் எடுத்து ஊட்டினேன். மூன்று புட்டியில் ஒன்றை மாற்றி ஒன்று சூடாக்கிக்கொண்டே இருந்தோம். ஆறிவரும் புட்டியில் நான் கை வைத்துப் பார்த்துத் "தொண்ணூத்தியெட்டு" என்பேன். அவர் கணக்குப் போட்டு "தொண்ணூத்தியேழரை" என்பார். நாலாவது நாளுக்குப் பிறகு எங்கள் எண்கள் அநேகமாக ஒன்றாகவே வந்தன. தாய் படுத்தபடியே பார்த்துச் சிரிப்பாள். "ஏனுங்க, ரெண்டு பேரும் ஏலம் போடறாப்புல இருக்குதுங்க" என்றாள் ஒருநாள். கம்பவுண்டர் காது சிவந்து வெளியே போனார். பன்னிரண்டாம் நாள் குழந்தை தானே சூட்டைக் காக்கத் தொடங்கிவிட்டது. தாயின் மார்போடு சேர்த்துக் கட்டி அனுப்பினோம். வெறும் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தபோது எனக்கு ஏனோ வீடு காலியானது போல இருந்தது.

தை மாதம் புதிய தெர்மாமீட்டர்கள் வந்தன. பெட்டியைப் பிரித்து அவர் என் கையில் கொடுத்தார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் அவற்றை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கதவில் அழிக்காமல் விட்டுவைத்திருந்த சாக்கட்டி எண்களைப் பார்த்தேன். இனி யாரும் இப்படி எழுத வேண்டியதில்லை என்று தோன்றியது. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலையைத் தொடர்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"நாம ரெண்டு பேரும் ஒரே ஊட்டுல இருந்தா என்னங்க?"

எனக்குப் புரியாததுபோல இருக்க முடியவில்லை. "நான் தாலியறுத்தவங்க" என்றேன்.

"தெரியுமுங்க."

"உங்க ஊட்டுல ஒத்துக்குவாங்களா?"

"அத நான் போய்க் கேக்கறேன். மொதல்ல நீங்க சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருந்தது. அன்று மாலையே சொல்லியிருக்கலாம். சந்தோஷத்தை உடனே எடுத்துக்கொண்டால் யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் எனக்கு. ஒரு மாதம் அவர் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்ததே எனக்குப் பிடித்திருந்தது. மாசிக் கடைசியில் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் ஒரு நாளைக் குறித்து வைத்திருந்தேன்.

அந்த நாளுக்கு முன்பே காரவள்ளியிலிருந்து ஆள் வந்தது. அவருடைய அண்ணனைப் பாம்பு கடித்துவிட்டது. இவர் ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி கடைசிப் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தவர். மூன்று சின்னக் குழந்தைகள், விதைத்த காடு, வயதான தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மலையேறி வந்தார், தன் துணிகளையும் அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ள. தாடி வளர்ந்திருந்தது. நடந்து வந்த களைப்போடு மருந்தக வாசற்படியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"நான் இனி வேலைக்கு வர முடியாதுங்க. நீங்க கீழ வாரீங்களா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். கெஞ்சவில்லை, காரணம் அடுக்கவில்லை. நான்தான் காரணங்களை அடுக்கினேன். சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு விதவை மருமகளாக வந்தால் ஊர் என்ன சொல்லும் என்றேன். மகனை இழந்த தாய் என்னைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்றேன். நானும் இறங்கிவிட்டால் மருந்தகத்தைப் பூட்ட வேண்டியதுதான் என்றேன். எல்லாமே உண்மை. எதுவுமே உண்மை இல்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டார்.

"அம்மாகிட்ட நான் இன்னும் கேக்கலீங்க" என்றார்.

"கேக்க வேண்டாமுங்க. இப்ப அவங்களுக்கு இருக்கற நோவு போதும்."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, "கடைசி மூணு மாசத்துச் சீட்டெல்லாம் பெரிய நோட்டுல இருக்குதுங்க. கொய்னா கலக்கற அளவு அலமாரிக்குள்ள ஒட்டியிருக்கேன். வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதை திரும்பும் இடத்தில் பலா மரம் ஒன்று. அதுவரை அவர் முதுகு தெரிந்தது.

அதன் பிறகு மூன்று வருஷம் நான் மேலே இருந்தேன். புதிய கம்பவுண்டர் வந்தார். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். மாலையில் வேலை முடிந்ததும் சரிவின் விளிம்பு வரை நடப்பேன். அங்கிருந்து பார்த்தால் காரவள்ளி தெரியும். பச்சைச் சதுரங்களும் ஓட்டுக் கூரைகளும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் எது அவர் காடு என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒன்றை அவருடையது என்று வைத்துக்கொள்வேன். கீழேயிருந்து புகை எழும்பினால் உழவு முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். மலையேறி வரும் சுமையாட்களிடம் ஊர்ச் சேதி கேட்பேன். மழை எப்படி, வெள்ளாமை எப்படி என்று சுற்றி வளைத்து. அந்த வீட்டைப் பற்றி நேராகக் கேட்டதே இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. பெட்டியைச் சுமந்து ஒரு ஆள் முன்னால் போக, பின்னால் நான் இறங்கினேன். காரவள்ளியில் பஸ் வர நேரம் இருந்தது. கால்கள் தாமாக அந்த வீட்டை விசாரித்துக்கொண்டு போயின. அவர் களத்தில் கேழ்வரகுத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க நர்சம்மா" என்றார். உடம்பு கறுத்து இறுகியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து இளம் பெண் ஒருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். போன ஆவணியில்தான் கல்யாணம் என்றார். அவளுக்கு நான்காவது மாதம். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் வெட்கத்தோடு உள்ளே அழைத்துப்போய் வயிற்றைக் காட்டினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

அவருடைய தாய் எனக்குச் சோறு போட்டார். நான் மூன்று வருஷம் மனதுக்குள் பயந்துகொண்டிருந்த அந்த அம்மாள் ஒல்லியாக, மெல்லிய குரலோடு இருந்தார். மகனும் மருமகளும் களத்துக்குப் போயிருந்தார்கள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தயிரை ஊற்றிவிட்டுச் சொன்னார்:

"உன்னப் பத்தி எங்கிட்டச் சொன்னான் கண்ணு. கல்யாணத்துக்கு முன்னால, ரெண்டு வருசமா நான் கட்டாயப்படுத்தினதுக்கு அப்பறம் சொன்னான். நீ வந்திருக்கலாமே. நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். மூணு கொளந்தைங்களை வெச்சுக்கிட்டு நான் தவிச்ச தவிப்புக்கு, நீ வந்திருந்தா சாமியே வந்தாப்புல இருந்திருக்கும்."

தலையைக் குனிந்து இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்தேன்.

அவர் பஸ் வரை கூட வந்தார். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார். என்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்தால், அந்த வருஷத்து மழையைப் பற்றித்தான் பேசியிருக்கிறோம். பஸ் கிளம்பியபோது துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "பத்திரமாப் போங்க" என்றார்.

அதன் பின் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் பார்த்துவிட்டேன். குளிரும் குழந்தைகளை வைக்க இப்போது கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் வேண்டிய சூடு வந்து நிற்கிறது. அவற்றின் முன்னால் நின்று சின்ன நர்ஸ்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது நான் இருக்கும் ஊரிலிருந்து வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் மலை நீலமாகத் தெரிகிறது. மலைக்கு ரோடு போட்டு, பஸ்ஸும் போகிறது. தங்கை மகள் என்னை அழைத்துப்போகிறேன் என்று வருஷா வருஷம் சொல்கிறாள். முழங்கால் வலி என்று தட்டிக்கழித்துவிடுகிறேன்.

மேலே போவதைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. நினைப்பதெல்லாம் இறங்குவதைப் பற்றித்தான். அவர் துணிகளை எடுத்துக்கொண்டு போன மறுநாளோ, அடுத்த வாரமோ, அந்த மூன்று வருஷத்தில் ஏதோ ஒருநாளோ, நானே இறங்கிப் போய் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இறக்கம்தானே. மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது.